ஒட்டு ஜீப்புக்கு ரேடியேட்டர் ஹோஸ்: கழலாமல், ஒழுகாமல் மாட்டுவது எப்படி?

வெளிநாடுகளில் கிட் கார் என்று ஒன்று உண்டு. சேசிஸ், பாடி, மற்ற சாமான்களைப் பெட்டி பெட்டியாக வாங்கி, வீட்டுக் கொட்டகையிலேயே பூட்டிக்கொள்வார்கள். நீலகிரியில் அதற்குப் பங்காளி ஒட்டு ஜீப்தான். சேசிஸ் ஒரு வண்டியுடையது, இன்ஜின் இன்னொன்றுடையது, ரேடியேட்டர் கோயம்புத்தூர் உக்கடத்துப் பழைய சாமான் கடையில் வாங்கியது. (இன்ஜின் மாற்றுவதற்கு ஆர்.டி.ஓ. ஆபீஸில் முன்அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். அது தனிக் கதை.)

இரண்டு வண்டிக்கும் தலைவலி ஒன்றுதான். இன்ஜினும் ரேடியேட்டரும் ஜோடியாக வந்தவை இல்லை என்பதால், இரண்டுக்கும் நடுவே தண்ணீரைக் கொண்டுபோகும் ரப்பர் குழாயான ஹோஸ், கம்பெனி அச்சில் வளைத்து வார்த்தது எதுவும் பொருந்தாது. அதனால் மடிப்பு மடிப்பாக, எந்தப் பக்கமும் வளையும் ஹோஸை வாங்கி மாட்டுகிறோம். கொஞ்ச நாளில் ஒழுகுகிறது. உடனே ஸ்க்ரூடிரைவரை எடுத்து, ஹோஸ் முனையைச் சுற்றிப் பிடிக்கும் கிளிப்பை இன்னும் இரண்டு சுற்று இறுக்குகிறோம். பாதி ஹோஸ்கள் அறுபடுவதே இதனால்தான். கிளிப்பின் வேலை கசிவை அடைப்பது, அவ்வளவுதான். ஹோஸ் கழலாமல் பிடிப்பது குழாய் வாயைச் சுற்றியுள்ள சின்ன மேடு. அறுந்துபோகாமல் காப்பது நாம் விடும் தளர்வும், கொடுக்கும் தாங்கலும். கிளிப்பை இறுக்குவதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

1. ஆற விட்டு, தண்ணீரை வடியுங்கள்

சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. சமவெளியில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். வண்டிக்குள் அது கொதிக்காமல் இருப்பது, மூடி பிடித்து வைத்திருக்கும் அழுத்தத்தால். ஒவ்வொரு பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு) அழுத்தத்துக்கும் கொதிநிலை ஏறக்குறைய ஒன்றரை டிகிரி ஏறும். மூடியைத் திருகினால் அந்த அழுத்தம் போய், உள்ளே இருப்பது ஆவியாகி முகத்தில் அடிக்கும். மேல் ஹோஸை வெறும் கையால் நிம்மதியாகப் பிடிக்க முடிகிறவரை காத்திருங்கள்.

சொட்டுச் சொட்டாக ஒழுகினால் என்ன, தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாமே என்பார்கள். மலையில் அந்தக் கணக்கு செல்லாது. சொட்டு வெளியேறும் வழியாகவே அழுத்தமும் போகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் மலைப்பாதையில் கல்லாறு தாண்டி, இரண்டாவது கியரில், போதிய எதிர்காற்று இல்லாமல் 14 கொண்டை ஊசி வளைவுகளை ஏறும்போது, அந்தச் சின்னக் கசிவே வண்டியைக் கொதிக்க வைக்கப் போதும்.

வடித்த கூலண்ட்டை (இன்ஜினைக் குளிர்விக்கத் தண்ணீரோடு கலக்கும் திரவம்) சாக்கடையில் கொட்டாதீர்கள். அது விஷம். இனிப்பாக இருப்பதால் நாய்கள் நக்கும். கொட்டினால் கீழே உள்ள ஓடையில்தான் போய்ச் சேரும்.

2. அளவு எடுங்கள்

இன்ஜின் பக்கக் குழாய், ரேடியேட்டர் பக்கக் குழாய் இரண்டின் வெளிவிட்டத்தையும் அளக்க வேண்டும். வெர்னியர் அளவுகோல் இல்லையென்றால் ஒரு நூலைச் சுற்றி அளந்து 3.14-ஆல் வகுத்தால் போதும். ஒட்டு வண்டியில் ஒரு பக்கம் 38 மில்லிமீட்டரும் மறு பக்கம் 32 மில்லிமீட்டரும் இருப்பது சாதாரணம். சிறிய பக்கத்தில் சைக்கிள் டியூபைச் சுற்றிச் சமாளிக்க வேண்டாம். ஒரு முனை பெரிதாகவும் மறு முனை சிறிதாகவும் உள்ள ரிடியூசர் ஹோஸே கிடைக்கிறது.

3. குழாய் வாயைப் பாருங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். பழைய ரப்பர் ஒட்டியிருந்தால் சுரண்டி எடுங்கள், உப்புத்தாளால் சுற்றுவாட்டில் தேயுங்கள். நீளவாட்டில் தேய்த்தால் விழும் கோடுகளே தண்ணீருக்கு வாய்க்கால் ஆகிவிடும். அலுமினியக் குழாயில் புழு அரித்ததுபோல் குழிகள் இருந்தால் எந்தக் கிளிப்பும் அடைக்காது. வெல்டிங் வைத்துச் சமன் செய்யக் கொடுங்கள்.

விரலால் தடவினால் வாய் ஓரத்தில் சுற்றிலும் ஒரு மேடு தட்டுப்பட வேண்டும். லேத் பட்டறையில் வெட்டி வாங்கிய மொட்டைக் குழாயில் அது இருக்காது. 13 பிஎஸ்ஐ மூடி போட்ட வண்டியில், 38 மில்லிமீட்டர் குழாயிலிருந்து ஹோஸைத் தள்ளும் விசை சுமார் 10 கிலோ. மேடு இல்லாவிட்டால் அத்தனையையும் கிளிப் மட்டும் தாங்க வேண்டும். பட்டறையிலேயே மேடு உருட்டித் தரச் சொல்லுங்கள்.

4. நீளமும் தளர்வும்

வெட்டுவதற்கு முன் ஒரு சோதனை. இதை மட்டும் முதலிலேயே, தண்ணீரை வடிப்பதற்கு முன் செய்துவிடுங்கள். பழைய ஹோஸ் மாட்டியிருக்கும்போதே, தம்பி ஒருவரை சீட்டில் உட்காரவைத்து, நியூட்ரலில் இன்ஜினை ஓட்டி நிறுத்தச் சொல்லுங்கள். நீங்கள் முன்னால் நின்று, ஃபேனுக்குக் கையைத் தள்ளி வைத்துக்கொண்டு பாருங்கள். டீசல் இன்ஜின் ஸ்டார்ட் ஆகும்போதும் நிற்கும்போதும்தான் அதிகம் குலுங்கும். அணைத்ததும் மேல் குழாயின் வாய் பக்கவாட்டில் துள்ளும். ரேடியேட்டர் அசையாமல் இருக்கும். நடுவிலுள்ள ஹோஸ் ஒரு பக்கம் மடிப்பு விரிந்து, மறு பக்கம் சுருங்கி, திரும்ப நிமிரும். இழுத்துக் கட்டிய ஹோஸ் இந்தத் துள்ளலில்தான் மடிப்பின் அடியில் வெடிப்பு விடுகிறது.

எனவே ஹோஸ் லேசாக வளைந்து நிற்கும் அளவுக்கு நீளம் வேண்டும். ரொம்ப நீளமானாலும் தொய்ந்து ஃபேனில் படும். ஃபேனிலிருந்து இரண்டு விரல் அகலமாவது, புகை வெளியேறும் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து நான்கு விரலாவது தள்ளி நிற்கட்டும். இரண்டு முனையிலும் மடிப்பில்லாத வழவழப்பான பகுதி இருக்கும். நீளம் குறைக்கிறேன் என்று அதை வெட்டிவிடாதீர்கள். மடிப்பின் மேல் கிளிப் உட்காராது.

தூரம் அதிகமென்றால் நான் மடிப்பு ஹோஸையே விட்டுவிடுவேன். நடுவில் ஓர் உலோகக் குழாய், இரு முனையிலும் சின்ன ரப்பர் துண்டுகள். கிளிப் இரண்டு கூடும், ஆனால் குலுங்கும் ரப்பர் குறையும்.

5. மாட்டுங்கள்

கிளிப்புகளை முதலில் ஹோஸில் கோத்துவிடுங்கள். பிறகு உள்பக்கம் சோப்புத் தண்ணீர் தடவித் திருகித் திருகி ஏற்றுங்கள். கிரீஸ், ஆயில் வேண்டாம், ரப்பர் ஊதிவிடும். ஷெல்லாக் என்ற ஒட்டும் பசையைப் பூசச் சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு. குழாய் சுத்தமாக இருந்தால் அது தேவையே இல்லை, அடுத்த முறை கழற்றும்போது சாபம்தான் விடுவீர்கள். ஹோஸ் மேட்டைத் தாண்டி ஓர் அங்குலமாவது உள்ளே போக வேண்டும்.

6. கிளிப்

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகு கிளிப், ஹோஸின் அளவுக்கு ஏற்றதாக. பெரிய கிளிப்பைச் சுருக்கிப் போட்டால் வட்டம் கோணலாகும். மேட்டுக்குப் பின்னால், ஹோஸ் நுனியிலிருந்து சில மில்லிமீட்டர் தள்ளி உட்கார வேண்டும். மேட்டின் மேலேயே போட்டால் வழுக்கி நகரும். திருகின் தலை கைக்கு எட்டும் பக்கம் இருக்கட்டும். ஸ்க்ரூடிரைவரைவிட 7 அல்லது 8 மில்லிமீட்டர் பாக்ஸ் ஸ்பேனர் நல்லது, வழுக்கி ரேடியேட்டரைக் குத்தாது. பட்டையின் துளைகள் வழியாக ரப்பர் பிதுங்க ஆரம்பித்தால் அளவுக்கு மீறி இறுக்கிவிட்டீர்கள்.

7. தாங்கல்

தண்ணீர் நிறைந்த ஹோஸுக்குக் கனம் உண்டு. நீளமாக இருந்தால் ரேடியேட்டர் பக்கமாக ஓர் இடத்தில், ரப்பர் உறை போட்ட கிளாம்ப்பால் ரேடியேட்டர் சட்டத்தோடு பிடியுங்கள். இன்ஜின் பக்கம் சுதந்திரமாக ஆடட்டும். கட்டுக்கம்பி மட்டும் கூடவே கூடாது, ரம்பம் மாதிரி அறுத்துவிடும். தகரத்தின் விளிம்பில் உரசும் இடத்தில் பழைய ஹோஸ் துண்டை நீளவாக்கில் கீறி மாட்டிவிடுங்கள்.

8. நிரப்பிச் சோதியுங்கள்

வண்டியின் முகம் மேட்டைப் பார்க்க நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் அண்டை கொடுங்கள். சரிவுக்கு நம்ம ஊரில் பஞ்சமா? மூடி உயரமான இடத்துக்கு வருவதால் உள்ளே சிக்கிய காற்று வெளியேறிவிடும். கூலண்ட்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி. வெறும் தண்ணீர் ஊற்றினால் மார்கழி, தை உறைபனியில் அதுவே உறைந்து உயிரை எடுக்கும். மூடி திறந்தபடி இன்ஜினை ஓட்டி, குமிழி நின்றதும் நிரப்பி மூடுங்கள். பிறகு ஆக்சிலேட்டரைக் கொடுத்துக் கீழ் ஹோஸைப் பாருங்கள். பம்பின் இழுவையில் சப்பினால் உள்ளே ஸ்பிரிங் வைத்த ஹோஸ் போட வேண்டும்.

அப்புறம் குன்னூரிலிருந்து அருவங்காடு வழியாக ஊட்டிவரை ஏறிப் பாருங்கள். சூட்டில் ஒழுகாததைக் கண்டு திருப்திப்பட்டுவிட வேண்டாம். மறுநாள் காலை, ஸ்டார்ட் செய்வதற்கு முன், டார்ச் அடித்துப் பாருங்கள். குளிரில் ரப்பர் இறுகிச் சுருங்கும்போது மட்டும் கசிந்து, சூடானதும் தானே நின்றுவிடும் ஒழுகல் மலையில் சகஜம். சூடாகி ஆறிய இந்த நேரத்தில்தான் கிளிப்பைக் கால் சுற்று கூட்ட வேண்டும். அப்படியும் குளிரில் கசிந்தால், ரப்பரோடு சேர்ந்து சுருங்கும் ஸ்பிரிங் கிளிப்புக்கு மாறிவிடுங்கள்.

வண்டியில் ஒரு துண்டு ஹோஸ், இரண்டு கிளிப், ஸ்பேனர், ஐந்து லிட்டர் கேனில் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். வழியில் கொதித்துவிட்டால் ஆறும் முன் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள், இன்ஜின் பிளாக் வெடிக்கலாம். கூலண்ட் கலந்த தண்ணீரைக் குடிதண்ணீர் பாட்டிலில் வைக்காதீர்கள். யாராவது தாகத்தில் குடித்துவைப்பார்கள். அந்த பாட்டில்களுக்கு மாவட்டத்தில் தடையும் இருக்கிறது, செக்போஸ்ட்டில் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.