வெளியீட்டை நிறுத்தும் அதிகாரத்தைச் சோதனைக் குழுவுக்கு எப்படி வரையறுப்பது?

ஒரு பில்ட் (வெளியிடுவதற்காகத் தொகுத்த மென்பொருள்) வெளியே போகலாமா என்று சோதனைக் குழுவிடம் கேட்கும் வழக்கம் பரவலாக உண்டு. ஆனால் அவர்கள் "கூடாது" என்று சொன்னால் அடுத்து என்ன நடக்கும் என்பதை எழுதிவைத்திருக்கும் இடங்கள் குறைவு. எழுதிவைக்காத அதிகாரம் வெளியீட்டு நாளன்று யார் குரல் ஓங்குகிறதோ அவர் பக்கம் சாய்ந்துவிடும். ஆகவே வேலை தொடங்கும்போதே, எந்த வழுவும் (மென்பொருள் பிழையும்) கண்ணில் படாத நேரத்திலேயே, எவையெல்லாம் வெளியீட்டை நிறுத்தும் என்பதை எழுதி, நிரலாளர்களும் மேலாளர்களும் ஒப்புக்கொள்ளச் செய்யுங்கள்.

அந்தப் பட்டியல் குறுகியதாக இருப்பது நல்லது. பயனரின் தரவு அழிவது அல்லது கசிவது, பணக் கணக்கு பிசகுவது, உள்நுழைய முடியாமற்போவது, ரோல்பேக் செய்ய (பழைய பதிப்புக்குத் திரும்ப) வழியில்லாதது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் சோதனைக் குழு யாருடைய அனுமதியும் இன்றி வெளியீட்டை நிறுத்தலாம். மற்ற வழுக்களில் அவர்கள் கருத்துச் சொல்லலாம், தடுக்க முடியாது. எல்லாவற்றையும் தடுக்கும் உரிமை கொடுத்தால், பொத்தானின் நிறத்துக்காக இருமுறை நிறுத்திய குழுவின் சொல் உண்மையான ஆபத்தின்போது எடுபடாது. "டெஸ்டிங்கில் பார்த்துக்கொள்வார்கள்" என்று நிரலாளர்களும் அசட்டையாகிவிடுவார்கள்.

வழுவின் தீவிரத்தைச் சோதனையாளரும், அதை எப்போது திருத்துவது என்ற முன்னுரிமையைத் தயாரிப்பு மேலாளரும் முடிவு செய்யட்டும். வெளியீட்டுத் தேதிக்காகத் தீவிரத்தைக் குறைத்து எழுதச் சொல்லும் உரிமை எவருக்கும் இருக்கக் கூடாது. அதற்கு ஈடாக, சோதனையாளரின் அறிக்கையும் முடிவெடுக்க உதவும்படி அமைய வேண்டும். "பேமென்ட் தோல்வி" என்று எழுதினால் வாக்குவாதம்தான் மிஞ்சும். "இணைப்பு மெதுவாக இருக்கும்போது 'பணம் செலுத்து' பொத்தானை இருமுறை அழுத்தினால் இரண்டு ஆர்டர்கள் பதிவாகின்றன, பத்து முயற்சிகளில் ஏழில் இப்படி நடந்தது, இரண்டாவது தொகை தானாகத் திரும்பவில்லை" என்று எழுதினால் வாதிட அதிகம் இருக்காது.

தடையை மீறும் உரிமையும் ஒருவருக்கு வேண்டும், ஒரே ஒருவருக்கு. அவர் தெரிந்தே ஏற்கும் ஆபத்து என்ன, காரணம் என்ன, வெளியீட்டுக்குப் பின் யார் கண்காணிப்பது, எந்த அறிகுறி தெரிந்தால் திரும்பப் பெறுவது என்பவற்றை வெளியீட்டுப் பதிவில் எழுதித் தம் பெயரையும் இட வேண்டும். பெயர் போடச் சொன்னதும் பல வெள்ளிக்கிழமை அவசரங்கள் திங்கட்கிழமைக்கு நகர்ந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த அதிகாரம் நிரலோடு நின்றுவிடக் கூடாது. 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேப்பிட்டல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனத்தின் எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய நிரல் நிறுவப்படாமல் விடுபட்டதால், அதிலிருந்த பழைய நிரல் உயிர்பெற்று, சுமார் 45 நிமிடங்களில் 44 கோடி டாலருக்கு மேல் இழப்பை உண்டாக்கியது. 2024 ஜூலை 19 அன்று சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கிய, கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் கோளாறும் புதிய மென்பொருள் பதிப்பால் வந்ததன்று. படிப்படியாக அனுப்பாமல் ஒரே வீச்சில் அனுப்பப்பட்ட ஓர் உள்ளடக்கக் கோப்பால் (அந்த மென்பொருள் படிக்கும் தரவுக் கோப்பால்) வந்தது. எனவே கான்ஃபிகரேஷன் (அமைப்பு விவர) மாற்றங்களும், நிறுவும் படிகளும், நிறுவிய பின் செய்யும் சரிபார்ப்பும் அதே நிபந்தனைகளுக்கு உட்படட்டும். ஹாட்ஃபிக்ஸுக்கு (அவசரத் திருத்தத்துக்கு) பட்டியலைச் சுருக்கலாம், கைவிடக் கூடாது.

நேரம் தராமல் அதிகாரத்தை மட்டும் தருவதில் பொருளில்லை. சோதனைக்கான நாட்கள் கடைசி பில்ட் கைக்கு வந்ததிலிருந்து எண்ணப்படும் என்றும் எழுதிவையுங்கள். இல்லாவிட்டால் நிரலாக்கத்தில் ஏற்பட்ட தாமதம் முழுவதும் சோதனையின் தலையில் விழும். அப்படியும் நேரம் போதாவிட்டால், சோதனையாளர் சைன்-ஆஃப் (ஒப்புதல்) குறிப்பில் "வழு இல்லை" என்று எழுத வேண்டாம். எவற்றைச் சோதித்தார், எவற்றைச் சோதிக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்திடட்டும்.