முதல் மாரியோ லேண்டிலிருந்து இரண்டாவதுக்குப் போகிறவர்களுக்கு

1989-இல் கேம்பாய் என்ற கையடக்க விளையாட்டுக் கருவிக்கு வந்த முதல் மாரியோ லேண்ட் ஆட்டத்தில் 12 கட்டங்கள்தான், சேமிக்கும் வசதி கிடையாது. 1992-இல் வந்த இரண்டாவது ஆட்டமான 'சிக்ஸ் கோல்டன் காயின்ஸ்' 3 சேமிப்பு இடங்கள் தருகிறது. பழைய கார்ட்ரிட்ஜில் (கருவியில் செருகும் ஆட்டப் பெட்டி) சேமித்தது அழிந்துபோனால், உள்ளே பற்றவைத்த பேட்டரி தீர்ந்திருக்கும். அதை மாற்ற வேண்டும்.

முதலாவதில் மாரியோ எறியும், சுவரில் மோதித் திரும்பும் பந்து காசையும் அள்ளும். இரண்டாவதின் நெருப்புப் பந்திடம் அதை எதிர்பார்க்காதீர்கள். கேரட்தான் இங்கே பொக்கிஷம்: அதை எடுத்து மாரியோவுக்கு முயல்காது முளைத்ததும், விழும்போது ஏ பட்டனை அழுத்தியே வையுங்கள், மெதுவாக மிதந்து இறங்கலாம். அந்தரத்தில் கீழ் பட்டனைத் தட்டினால் சுழல்தாவல்.

உயிரெல்லாம் தீர்ந்தால், எதிரித் தலைவர்களை வீழ்த்திச் சேர்த்த தங்கக் காசுகள் பறிபோகும். அந்தத் தலைவர்களை மறுபடி வீழ்த்தணும். கொடுமைதான். முதல் ஆட்டம்போல 100 சாதாரணக் காசுக்கு ஓர் உயிரும் கிடைக்காது. 999 வரை சேர்த்துச் சூதாட்டக் கூடத்தில் உயிர் வாங்கப் பாருங்கள்.