கத்திரி வெயிலுக்கு முன் மண்ணை மூடுங்கள்: பத்து சென்ட் தோட்டத்தின் கோடை வேலைகள்

எங்கள் வீடு கன்னங்குறிச்சி தாண்டி, சேர்வராயன் மலையடிவாரத்தில் இருக்கிறது. வீட்டைச் சுற்றிப் பத்து சென்ட், அதாவது சுமார் 4,350 சதுர அடி. நாலு தென்னை, இரண்டு மா, ஒரு முருங்கை, ஆறு காய்கறிப் பாத்தி, இரண்டு ஆடு, ஒரு டஜன் கோழி. மே மாதத்தில் மேலே ஏற்காட்டில் மலர்க் கண்காட்சிக்குக் கூட்டம் அலைமோதும். கீழே எங்கள் வாசல் சிமெண்டில் வெறுங்காலை வைக்க முடியாது.

புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் பிள்ளைகளுக்கு லீவு விட்டதும் நர்சரிக்குப் போய்ப் பை பையாக நாற்று வாங்கி வருவார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். மே கடைசியில் மிஞ்சியது பைகள்தான். கோடையில் புதிதாக நடுவது கொஞ்சமாக இருக்கட்டும். இருப்பதைக் காப்பாற்றுவதற்கே வேலை சரியாக இருக்கும். அதையும் கத்திரி தொடங்குவதற்கு முன், ஏறக்குறைய மே 4-க்குள், முடித்துவிட வேண்டும்.

1. தண்ணீரைக் குடத்தால் எண்ணுங்கள்

போர் மோட்டாரைப் போட்டு, எத்தனை நிமிடத்தில் குழாய் காற்றைக் கக்க ஆரம்பிக்கிறது, அதற்குள் தொட்டி எவ்வளவு நிரம்பியது என்று பாருங்கள். அதுதான் உங்கள் சம்பளம். செலவு இப்படி: கடும் வெயிலில் ஒரு சதுர மீட்டர் பாத்திக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 5 லிட்டர் தேவை. நாலடிக்குப் பத்தடிப் பாத்தி 3.7 சதுர மீட்டர் வரும். ஆக, தினம் 18, 19 லிட்டர். ஒரு குடத்துக்குக் கொஞ்சம் மேலே. வீட்டுக்கும் ஆடு கோழிக்கும் தென்னைக்கும் போக எத்தனை குடம் மிஞ்சுகிறதோ அத்தனை பாத்தி மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஆறில் மூன்றுதான் தேறும். மீதி மூன்றைக் காயப் போட்டுவிடுவேன். அவற்றுக்கும் கடைசியில் ஒரு வேலை இருக்கிறது.

2. மூடாக்கு

மண்ணை இலைதழையால் மூடிவைப்பதுதான் மூடாக்கு. இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். நம் செம்மண் வெயிலில் ஓடு மாதிரி இறுகிவிடும். ஊற்றுகிற தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓடிவிடும். மாவிலை, கரும்புச் சோகை, வைக்கோல், நறுக்கிய தென்னோலை, எது கிடைத்தாலும் சரி. முதலில் பாத்தியை நன்றாக நனைத்துவிட்டு, நாலு விரல் உயரத்துக்குப் பரப்புங்கள். காய்ந்த மண்மேல் போட்டால் அது காய்ந்த மண்ணாகவே இருக்கும்.

செடியின் தண்டைச் சுற்றி ஒரு சாண் இடம் விடுங்கள். முதல் வருடம் நான் விடவில்லை. செடிக்குப் போர்வை போர்த்துகிற நினைப்பில் தண்டு வரை அணைத்து வைத்தேன். இரண்டு வாரம் கழித்து ஒரு கத்தரிச் செடி மட்டும் வாடியது. தண்ணீர் போதவில்லை என்று இன்னொரு குடம் ஊற்றினேன். மறுநாள் தண்டைப் பிடித்து லேசாக இழுத்ததும் செடி கையோடு வந்துவிட்டது. அடித்தண்டில் மண் பூச்சு, உள்ளே வெள்ளை வெள்ளையாகக் கரையான். அம்மாயி பார்த்துவிட்டு, “ஏங்கண்ணு, அதுக்குக் கழுத்து வரைக்கும் சோறு வெச்சா அது திங்காம என்ன பண்ணும்?” என்றார்.

தென்னைக்குத் தேங்காய் உரித்த மட்டையே போதும். மரத்தைச் சுற்றி ஆறடி ஆரத்துக்கு வட்டப்பாத்தி கட்டி, நூறு மட்டைகளை அவற்றின் முதுகு மேலே பார்க்கும்படி கவிழ்த்து அடுக்குங்கள். பள்ளம் எடுத்துப் புதைப்பதானால் நேர்மாறு: குழிந்த பக்கம் மேலே இருக்க வேண்டும், தண்ணீரைத் தாங்கி வைத்துக்கொள்ளும்.

மூடாக்கைக் கையால் புரட்டாதீர்கள். குளிர்ச்சி தேடிப் பாம்பும் தேளும் அங்கேதான் வரும். நீளக் குச்சியால் தட்டிவிட்டு அப்புறம் தொடுங்கள்.

3. பானை புதைத்தல்

பாகல், வெள்ளரி, பூசணி மாதிரிக் கொடிகளுக்கு இது. பெயின்ட்டும் பளபளப்பும் இல்லாத, ஐந்தாறு லிட்டர் பிடிக்கும் மண்பானை வாங்குங்கள். குழாய் வைத்த தண்ணீர்ப் பானை வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் ஊற்றி வெளியே வையுங்கள். ஒரு மணி நேரத்தில் வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் நல்ல பானை. பொங்கல் வைத்த பழைய பானையை நான் ஒருமுறை புதைத்தேன். கரி ஏறிப்போய்த் துளை அடைத்திருந்தது, தண்ணீர் அசையவே இல்லை.

கழுத்து மட்டும் வெளியே தெரியும்படி புதைத்து, தட்டால் மூடுங்கள். மூடாவிட்டால் கொசு முட்டையிடும், ஓணானும் விழும். பானையிலிருந்து அரையடி தள்ளிச் சுற்றிலும் நாலு விதை. மண் காயக் காயத்தான் பானையிலிருந்து ஈரத்தை இழுக்கும்; மழை பெய்து மண் ஈரமாக இருந்தால் பானை கசிவது தன்னால் நின்றுவிடும். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை எட்டிப் பார்த்து நிரப்பினால் போதும். ஊருக்குப் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல வேலையாள் கிடையாது.

4. தண்ணீர் விடும் நேரம்

காலை ஏழு மணிக்குள். முடியாவிட்டால் வெயில் தாழ்ந்த பிறகு. வெயிலில் கிடந்த கறுப்பு ஹோஸில் முதலில் வருவது வெந்நீர். அதைச் சிறுகீரைப் பாத்தியில் பிடித்து ஒரு பாத்தியையே அவித்தவள் நான். முதல் அரை நிமிடம் வாளியில் பிடித்துவிடுங்கள்.

மேற்கு வெயில்தான் கொல்லும். பாத்தியின் மேற்கே நாலு கம்பு நட்டு ஐம்பது சதவீத நிழல்வலையோ தென்னங்கீற்றோ கட்டுங்கள்.

5. என்ன விதைக்கலாம்

வெண்டை, கொத்தவரை, தட்டைப்பயறு, தண்டுக்கீரை. இவை வெயிலைத் தாங்கும். வெண்டை விதையை இரவு முழுக்க ஊறவைத்து, வரிசைக்கு ஒன்றரை அடி, செடிக்கு ஒரு அடி விட்டு ஊன்றுங்கள். 45 நாளில் முதல் காய். கேரட், பீன்ஸ் ஆசையை இப்போது விடுங்கள்.

வெண்டை இலையின் அடியில் தூசி மாதிரிச் செம்புள்ளிகள் ஊர்ந்தால் செம்பேன். காலையில் இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். மாவுப்பூச்சிக்கு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசலோடு, மாலையில்.

6. ஆடு, கோழி, மா

கோழிக்கு வெள்ளைக் கழிச்சல் தடுப்பூசியைக் கோடைக்கு முன்பே கால்நடை மருந்தகத்தில் போட்டுவிடுங்கள். தண்ணீரை மதியம் ஒருமுறை மாற்றுங்கள். ஆட்டைக் காலையிலும் மாலையிலும் மட்டும் மேய விடுங்கள். மாமரத்தடியில் விழுந்த பழங்களை அன்றன்றே பொறுக்குங்கள். விட்டால் பழ ஈ பெருகிவிடும். காயைப் பறிக்கும்போது காம்போடு பறியுங்கள். தோலில் பால் வழிந்தால் கறுத்துவிடும்.

7. கோடை மழை வந்ததும்

ஏப்ரலிலோ மே மாதத்திலோ ஒரு சாயங்காலம் மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வரும். முதலில் காற்று, பிறகுதான் மழை. வாழை இருந்தால் அதற்கு முன்பே முட்டுக் கொடுத்து வையுங்கள்.

காயப் போட்ட மூன்று பாத்திகளுக்கு இப்போதுதான் வேலை. மறுநாளோ அதற்கடுத்த நாளோ, ஒரு பிடி மண்ணை உருட்டிப் பாருங்கள். கையில் ஒட்டாமல் உதிர்ந்தால் மண்வெட்டியால் முக்கால் அடி ஆழத்துக்குக் கொத்திப் புரட்டுங்கள். மண்ணுக்குள் இருந்த கூட்டுப்புழுக்கள் மேலே வரும். கோழிகளைத் திறந்துவிடுங்கள், மீதியை அவை பார்த்துக்கொள்ளும். இரண்டு நாள் கழித்துக் கோழிகளை அடைத்துவிட்டுக் கம்பு, சோளம், உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு, எள், சணப்பு, கையில் இருக்கிற எதுவானாலும் கலந்து தூவிக் கிளறுங்கள். ஐம்பது நாளுக்குள் பூ எடுக்கும்போது வெட்டி அப்படியே மண்ணில் மடக்கிவிட்டால், ஆடிப்பட்டத்துக்குப் பாத்தி தயார். நர்சரிக்கு நான் போவது அப்போதுதான்.