பயன்படுத்திய நாப்கினையும் டயப்பரையும் முறையாக அகற்றுவது எப்படி

வீட்டுக் குப்பையில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும், அதை அள்ளிச் செல்பவருக்கு மிக அதிகத் தொல்லை தருவதும் சானிட்டரி கழிவுதான். நாப்கின், டயப்பர், டாம்பன், ஆணுறை, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு விரிக்கும் உறிஞ்சு விரிப்பு ஆகிய அனைத்தையும் இந்தியச் சட்டம் இந்த ஒரே வகையில் சேர்க்கிறது. நம் கண்ணிலிருந்து இவற்றை மறைப்பது எளிது. அடுத்து இவற்றைத் தொடப்போகிறவர் யார் என்பதை எண்ணி அகற்றுவதற்குத்தான் கொஞ்சம் அக்கறை வேண்டும்.

எந்தக் காரணத்துக்காகவும் இவற்றைக் கழிப்பறையில் போட்டு நீரூற்றக் கூடாது. நாப்கினின் மேலுறையும் அடியுறையும் பெரும்பாலும் பிளாஸ்டிக். நடுவில் மரக்கூழும், நீர் பட்டதும் பல மடங்கு உப்பி ஜெல்லாகிவிடும் சோடியம் பாலிஅக்ரிலேட் என்ற வேதிப்பொருளும் இருக்கின்றன. குழாயில் இறங்கிய நாப்கின் கரைவதில்லை, உப்பி அடைத்துக்கொள்கிறது. அடைப்பு முற்றியதும் வீட்டுக்காரர் செப்டிக் டேங்கைத் திறந்து ஆளை இறக்குகிறார். உள்ளே தேங்கியிருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு சில நொடிகளிலேயே மயங்கச் செய்து உயிரைப் பறித்துவிடக்கூடியது. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மலக்குழியிலோ பாதாளச் சாக்கடையிலோ ஒருவரை இறக்குவதை கையால் மலம் அள்ளும் வேலையைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. முதல் முறை மீறினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. இந்தத் தடை நகராட்சிக்கு மட்டும் உரியதன்று, தனிமனிதரையும் கட்டுப்படுத்தும் என்பதைப் பலர் அறிவதில்லை. சாக்கடை மரணங்களுக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது.

நாப்கினை உட்பக்கமாகச் சுருட்டி, அதன் பசைப்பட்டையாலேயே ஒட்டி, புதிய நாப்கின் வந்த உறையிலோ பழைய செய்தித்தாளிலோ பொதிந்து வையுங்கள். கறுப்புப் பிளாஸ்டிக் பையில் முடிந்து போடும் பழக்கத்தை விட்டுவிடலாம். உள்ளே இருப்பது என்னவென்று தெரியாத பையைப் பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் கை நேரே இரத்தத்தில் படுகிறது. ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாட்கள் உயிர்ப்புடன் இருக்கும் என்பதால், விரலில் சிறு வெட்டுக்காயம் உள்ளவருக்கு இது வெறும் அருவருப்போடு முடிகிற விஷயம் அன்று. புனேயின் குப்பை சேகரிப்போர் கூட்டுறவு அமைப்பான ஸ்வச், உள்ளே இருப்பது பணியாளருக்குத் தெரிய, பொட்டலத்தின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி வைக்கும்படி மக்களைக் கேட்டுக்கொண்டது. ஒரு பேனா போதும், செலவில்லை. நாப்கினை அலசிவிட்டுப் போட வேண்டும் என்று பல வீடுகளில் சொல்லித் தருகிறார்கள். அதற்குத் தேவையே இல்லை: தண்ணீர் வீணாவதோடு, பிரிந்து வரும் ஜெல்லும் சாக்கடையை அடைக்கும்.

டயப்பரில் உள்ள மலத்தை முதலில் கழிப்பறையில் கொட்டிவிட்டு, பிறகு இறுக்கிச் சுருட்டி, பக்கவாட்டு ஒட்டுப்பட்டைகளால் கட்டிப் பொதிய வேண்டும். பெரும்பாலான வீடுகளில் தவறும் படி இதுதான். முதியவர்களின் டயப்பருக்கும் இதே முறை. வீட்டில் நோயாளி இருந்தால் அவருக்குப் போட்ட ஊசிகளை மட்டும் இதனுடன் சேர்க்காமல் தனியே கொடுங்கள்.

பொதிந்தவற்றை எந்தக் கூடையில் போடுவது? 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், பொதிந்து மக்காத குப்பையுடன் சேர்க்கச் சொன்னதோடு, அகற்றுவதற்கான உறையை உற்பத்தியாளர்களே வழங்க வேண்டும் என்ற பொறுப்பையும் பேசின. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகள் வீட்டுக் குப்பையை ஈரக்கழிவு, உலர்கழிவு, சானிட்டரி கழிவு, சிறப்புக் கவனம் தேவைப்படும் கழிவு (பல்பு, மருந்து போன்றவை) என நான்காகப் பிரிக்கச் சொல்கின்றன. எனவே மூடியுள்ள சிறு கூடை ஒன்றைத் தனியாக வைத்து, அதில் சேர்ந்ததை அன்றன்றே வண்டியில் தனியாகக் கொடுப்பதே முறை. அடுக்ககங்களிலும் அலுவலகங்களிலும் ஒவ்வொரு பெண்கள் கழிப்பறையிலும் காலால் மிதித்துத் திறக்கும் கூடை இருக்க வேண்டும். அதைக் காலி செய்பவருக்குக் கையுறை வாங்கித் தருவது குடியிருப்போர் சங்கத்தின் அல்லது அலுவலகத்தின் செலவாகவே இருக்கட்டும்.

கொல்லையில் எரிப்பது தீர்வாகாது. குறைந்த வெப்பத்தில் பிளாஸ்டிக் எரியும்போது டையாக்சின் போன்ற நச்சுகள் வெளிப்படக்கூடும்; மருத்துவக் கழிவு எரியூட்டிகளின் இரண்டாம் அறையில் ஏறக்குறைய 1,050 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்று விதி வகுத்திருப்பது இதனால்தான். பள்ளிக் கழிப்பறைகளில் சுவரில் மாட்டும் சிறு எரியூட்டிகள் அந்த வெப்பத்தை எட்டுமா என்று வாங்குவதற்கு முன் கேட்பது நல்லது. திறந்தவெளியில் குப்பை எரிப்போர் 5,000 ரூபாயும், பெருமளவில் எரிப்போர் 25,000 ரூபாயும் சுற்றுச்சூழல் இழப்பீடாகக் கட்ட வேண்டும் எனத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் உத்தரவிட்டது. புதைத்தாலும் பிளாஸ்டிக் மக்காது, நாய்களும் தோண்டும்.

கழிவே குறைந்தால் இந்தச் சிக்கலில் பெரும்பகுதி இல்லாமல் போகும். உடலினுள் பொருத்தி மாதவிடாய் இரத்தத்தைச் சேகரிக்கும், மருத்துவத் தர சிலிக்கானில் செய்த மாதவிடாய்க் கப்பைச் சரியாகப் பேணினால் 10 ஆண்டு வரை பயன்படுத்தலாம். கேரளத்தின் கும்பளங்கி ஊராட்சியில் கப்புகள் வழங்கப்பட்டு, 2022இல் அது நாப்கின் இல்லாத ஊராக அறிவிக்கப்பட்டது. கப்பை 12 மணி நேரத்துக்குள் எடுத்துக் கழுவ வேண்டும். ஒவ்வொரு சுழற்சியின் முடிவிலும் கொதிநீரில் 5 நிமிடம் வைக்க வேண்டும். கருப்பையில் கருத்தடைச் சாதனம் பொருத்தியிருப்பவர்கள் மருத்துவரைக் கேட்ட பின்பே தொடங்கலாம். துணி நாப்கினை விரும்புவோர் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, சோப்பால் துவைத்து, வெயிலில் உலர்த்த வேண்டும். கூச்சத்தால் வேறு துணிக்கு அடியில் ஒளித்துக் காயவைத்தால் ஈரம் தங்கிப் பூஞ்சை வரும். குழந்தைக்குப் பகலில் துணியும் இரவிலும் பயணத்திலும் மட்டும் டயப்பரும் என்று வைத்துக்கொண்டாலே கூடைக்குப் போகும் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிடும்.