பாட்காஸ்ட் பதிவு: மைக்குக்கு முன் அறையைக் கவனியுங்கள்

கேட்பவரைப் பாதியில் விரட்டுவது பெரும்பாலும் எதிரொலிதான். வெறும் சுவர்களுள்ள அறையில் எவ்வளவு விலை உயர்ந்த மைக்கும் குடத்துக்குள் பேசுவதுபோல்தான் ஒலிக்கும். மெத்தையும் திரைச்சீலையும் உள்ள படுக்கையறையே நல்லது. உங்கள் முதுகுக்குப் பின்னால் கனத்த போர்வை ஒன்றைத் தொங்கவிடுங்கள். பாட்காஸ்டுக்கான பெரும்பாலான மைக்குகள் தம் முன்பக்க ஒலியைத்தான் அதிகம் வாங்கும். உங்கள் முதுகுக்குப் பின்னாலுள்ள சுவர்தான் மைக்குக்கு எதிரே இருக்கிறது.

மைக்கை ஒரு சாண் தள்ளி, வாய்க்குச் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். நேரே வைத்தால் ‘பாப்பா’ என்னும்போது காற்று மோதி ‘டப்’பென்று வெடிக்கும். உரத்துப் பேசும்போதும் பதிவு மென்பொருளின் மீட்டரில் ஒலி அளவு -12 முதல் -6 டெசிபலுக்குள் நிற்கட்டும். சிவப்பைத் தொட்டு உடைந்த குரலை முழுதாக மீட்க முடியாது.

மின்விசிறியை அணைத்துவிட்டுப் பதிவைத் தொடங்கி, பேசுமுன் 10 விநாடி அமைதியாக இருங்கள். அதில் பதியும் அறை இரைச்சலை மாதிரியாகக் கொடுத்துத்தான் ஆடாசிட்டி என்ற இலவச ஒலி எடிட்டிங் மென்பொருளில் சத்தம் நீக்க வேண்டும். அளவு மீறினால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வரும். லேசான இரைச்சல் எவ்வளவோ மேல். எடிட் செய்யும்போது எல்லா மூச்சையும் வெட்டாதீர்கள், பேச்சு இயந்திரமாகிவிடும். கடைசியில் மொத்த ஒலியளவை -16 எல்யூஎஃப்எஸ்-இல் (காதுக்குக் கேட்கும் சராசரி உரப்பின் அளவு) வைத்து எம்பி3 ஆக்குங்கள்.