‘சார்ஜன்ட் பெப்பர்’ ஏன் எல்லாருக்கும் பிடிப்பதில்லை, அதை எப்படிக் கேட்பது

ஆங்கில ராக் குழுவான பீட்டில்ஸ் பற்றிப் பேச ஆரம்பித்தால் பேச்சு கடைசியில் இந்த ஆல்பத்தில்தான் வந்து முட்டுகிறது. 1967இல் வந்த ‘சார்ஜன்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்’. அறுபதுகளில் வானொலியோடு வளர்ந்த நம் பெரியவர்களிடம் இதைக் குறைத்துப் பேசினால் முகம் மாறிவிடும். இளையர்களிடம் போட்டுக் காட்டினால் நாலாவது பாட்டுக்குள் கைப்பேசியை எடுத்துவிடுகிறார்கள், இதற்கா இவ்வளவு பேச்சு என்று கேட்கிறார்கள். இரண்டு பேரும் மனசாரத்தான் சொல்கிறார்கள். ‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகையே 2003இலும் 2012இலும் இதை எல்லாக் காலத்துக்குமான முதல் ஆல்பம் என்று வைத்துவிட்டு 2020இல் 24ஆம் இடத்துக்கு இறக்கியது. ஆகவே இது தலைமுறைச் சண்டை மட்டுமில்லை, வந்த மாதத்திலேயே தொடங்கிய சண்டை. 1967 ஜூனில் ‘நியூயார்க் டைம்ஸ்’ விமர்சகர் ரிச்சர்ட் கோல்ட்ஸ்டீன் இதில் ஸ்டூடியோ வித்தைகள் பாட்டை அமுக்கிவிட்டன என்று எழுதி வாசகர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

எனக்கு இந்த ஆல்பம் ரொம்பப் பிடிக்கும். ஆனால் பிடிக்கவில்லை என்று சொல்பவர்கள் காதில்லாதவர்கள் என்று நான் நினைக்கவில்லை. பெரும்பாலும் அவர்கள் பாட்டுகளை எடை போடுகிறார்கள், பிடித்தவர்கள் ஒலிப்பதிவை எடை போடுகிறார்கள். தராசே வேறு. அதனால் இரண்டையும் தனித்தனியாகக் காதில் வாங்குகிற மாதிரி கேட்பது எப்படி என்று எழுதுகிறேன்.

முதலில், எந்தப் பிரதி என்று பாருங்கள். இதைப் பலரும் சின்ன விஷயம் என்று விட்டுவிடுகிறார்கள், ஆனால் பாதிச் சண்டை இங்கேதான் இருக்கிறது. 1967இல் இங்கிலாந்தில் ஆல்பம் என்றால் மோனோதான், அதாவது இரண்டு காதுக்கும் ஒரே ஒலி; இடம் வலம் என்று ஒலியைப் பிரித்துக் கொடுப்பது ஸ்டீரியோ. தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமரிக்கும் மோனோ மிக்ஸ் செய்தபோது பீட்டில்ஸும் கூடவே உட்கார்ந்திருந்தார்கள். ஸ்டீரியோவை பீட்டில்ஸ் இல்லாமலே சீக்கிரமாக முடித்தார்கள். அந்தப் பழைய ஸ்டீரியோவில் சில இடங்களில் குரல் ஒரு காதிலும் டிரம்ஸ் இன்னொரு காதிலும் ஒட்டிக்கொண்டு நிற்கும், ஹெட்போனில் கேட்டால் நடுவில் ஒரு பள்ளம் விழுந்த மாதிரி இருக்கும். மோனோவில் ‘ஷீஸ் லீவிங் ஹோம்’ கொஞ்சம் வேகமாகவும் சுருதி உயர்ந்தும் வரும், ‘லூசி இன் தி ஸ்கை வித் டயமண்ட்ஸ்’ கொஞ்சம் நிதானமாக மிதக்கும். மோனோ கிடைத்தால் அதை எடுங்கள். கிடைக்காவிட்டால் ஐம்பதாம் ஆண்டுக்கு ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மார்ட்டின் செய்த 2017 மிக்ஸ் போதும். அவர் அந்த மோனோவை வழிகாட்டியாக வைத்துக்கொண்டுதான் புது ஸ்டீரியோவைச் செய்தார். கைப்பேசியில் கேட்பவர்கள் ஆல்பம் பெயருக்குப் பக்கத்தில் ஆண்டு என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

பழைய இசைத்தட்டு வாங்குகிறவர்கள், சிங்கப்பூரில் கோல்மன் ஸ்திரீட் அடெல்ஃபி கடைகளில் தேடுகிறவர்கள், உறையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாட்டு வரிசையைப் படியுங்கள். மலேசியா, ஹாங்காங் என்று நம் வட்டாரத்துக்காக வந்த சில பிரதிகளில் மூன்று பாட்டுகள் இருக்காது. போதைப்பொருளைச் சொல்கின்றன என்ற சந்தேகத்தில் ‘வித் எ லிட்டில் ஹெல்ப் ஃப்ரம் மை ஃப்ரெண்ட்ஸ்’, ‘லூசி’, ‘எ டே இன் தி லைஃப்’ மூன்றையும் எடுத்துவிட்டு ‘தி ஃபூல் ஆன் தி ஹில்’, ‘பேபி யூ ஆர் எ ரிச் மேன்’, ‘ஐ ஆம் தி வால்ரஸ்’ போட்டார்கள். யோசித்துப் பாருங்கள், ஆல்பத்தின் உச்சமே ‘எ டே இன் தி லைஃப்’தான், அது இல்லாத தட்டை வீட்டில் வைத்து வளர்ந்த ஒரு மாமாவும் முழு ஆல்பத்தை இணையத்தில் கேட்ட ஒரு பையனும் ஒரே பெயரைச் சொல்லி இரண்டு வேறு ஆல்பங்களுக்காக வாதாடிக்கொண்டிருக்கலாம். வீட்டுப் பெரியவரிடம் பழைய தட்டு இருந்தால் வாதத்துக்கு முன்னால் அதை ஒரு தரம் வாங்கிப் பாருங்கள்.

எங்கே கேட்பது? எம்ஆர்டியில் வேண்டாம். பால் மெக்கார்ட்னியின் பேஸ் கிட்டார்தான் இந்த ஆல்பத்தின் பாதி அழகு. பல பாட்டுகளில் மற்ற எல்லாம் முடிந்தபின் அவர் தனியாக உட்கார்ந்து அதைச் சேர்த்தார், பாட்டுக்குக் கீழே இன்னொரு பாட்டு ஓடுகிற மாதிரி. ரயில் இரைச்சலில் அதுதான் முதலில் காணாமல் போகும். இரவில், புளோக் அடங்கினபிறகு, ஒரே மூச்சாக உட்காருங்கள். மொத்தமே 40 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு, 13 பாட்டு. ஷஃபிள் வேண்டவே வேண்டாம், பாட்டுகளுக்கு நடுவில் வழக்கமாக விடும் இடைவெளியை வேண்டுமென்றே எடுத்துவிட்டிருக்கிறார்கள்.

அப்புறம் கதையைத் தேடாதீர்கள். ‘கான்செப்ட் ஆல்பம்’ என்று எல்லாரும் சொல்லிச் சொல்லி, கேட்பவர் ஒரு கற்பனை பேண்டின் கதை வரும் என்று காத்திருந்து ஏமாறுகிறார். முதல் இரண்டு பாட்டும், கடைசிக்கு முன்னால் திரும்ப வரும் தலைப்புப் பாட்டும், அவ்வளவுதான் அந்தக் கற்பனை. தன் பாட்டுகளுக்கும் அந்த யோசனைக்கும் சம்பந்தமே இல்லை என்று ஜான் லெனனே பின்னாளில் சொல்லியிருக்கிறார். மிஸ்டர் கைட் பாட்டு 1843ஆம் ஆண்டு சர்க்கஸ் சுவரொட்டி ஒன்றிலிருந்து வந்தது, அதற்கும் சார்ஜன்டுக்கும் என்ன உறவு?

புதுசாக ஒன்றுமில்லையே என்று இளையர்கள் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு, அது நியாயமான காரணம். இளையராஜாவின் இடையிசையையும் ரகுமானின் ஸ்டூடியோ வேலையையும் சின்ன வயதிலிருந்தே கேட்ட காதுக்கு, ஒரு பாட்டுக்குள் வயலின் கூட்டமும் விசித்திர சத்தமும் வருவது இயல்பு. 1967இல் அது இயல்பில்லை. இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது, கேட்க வைக்கத்தான் வேண்டும். முதல் நாள் பீட்டில்ஸின் முதல் ஆல்பம் ‘ப்ளீஸ் ப்ளீஸ் மீ’யைக் கேளுங்கள். அதில் பெரும்பகுதி 1963 பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில் பதிவானது, மேடையில் வாசிப்பதை அப்படியே பிடித்து வைத்தது. நாலே வருடத்தில் அதே நாலு பேர், அதே ஆபி ரோடு ஸ்டூடியோ. 1966 ஆகஸ்டில் மேடைக் கச்சேரிகளை நிறுத்திவிட்டதால், மேடையில் வாசிக்க முடியுமா என்ற கவலையே இல்லாமல் செய்தார்கள், அதுவும் நாலே தடங்களில் மட்டும் தனித்தனியாகப் பதிய முடிகிற நாலு டிராக் இயந்திரத்தில். டிராக் நிறைந்ததும் எல்லாவற்றையும் கலந்து இன்னொரு நாடாவுக்கு மாற்றி இடம் பிடித்து, மறுபடி அதன்மேல் சேர்த்தார்கள். கலந்ததைத் திரும்பப் பிரிக்க முடியாது, அன்றைக்கு எடுத்த முடிவு முடிவுதான்.

அதோடு முன்கூட்டியே ஒரு சிங்கிளையும், அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சிறு தட்டையும், கேட்டுவிடுங்கள். ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபார் எவர்’, ‘பென்னி லேன்’ இரண்டும் இந்த ஆல்பத்துக்கென்று தொடங்கிய வேலையில் வந்தவை, 1967 பிப்ரவரியில் தனியாக வெளியிட்டதால் ஆல்பத்தில் சேர்க்கவில்லை. அதைத் தன் தொழில் வாழ்க்கையின் மிகப் பெரிய தவறு என்று ஜார்ஜ் மார்ட்டின் பின்னாளில் சொன்னார். பாட்டுகள் சுமார் என்கிறவர்களின் பக்கம் நான் சாய்கிற இடம் இதுதான். அந்த இரண்டும் உள்ளே இருந்திருந்தால் அவர்கள் வாயைத் திறந்திருக்கவே மாட்டார்கள். (இங்கிலாந்தில் அந்த சிங்கிள் முதலிடத்துக்குப் போகாமல் தடுத்தவர் எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க், பிறந்தது நம் சென்னையில்.)

இனி ‘வித்தின் யூ வித்தவுட் யூ’. இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்தில் முதல் பாட்டு, ஐந்து நிமிடம். மேற்கே நிறைய ரசிகர்கள் தாண்டிப் போகும் பாட்டு இது, நம்மிடையிலோ இன்னொரு விதமான பிரிவு: நம் வாத்தியம் இருக்கிறதே என்று பெருமைப்படுகிறவர்கள் ஒரு பக்கம், இது அரைகுறை ஹிந்துஸ்தானி என்று உதடு பிதுக்குகிறவர்கள் ஒரு பக்கம். இரண்டு பக்கமும் பாட்டைக் கேட்பதில்லை. இதில் ஜார்ஜ் ஹாரிசனைத் தவிர பீட்டில்ஸ் வேறு யாரும் இல்லை. வாசித்தவர்கள் லண்டனில் ஏஷியன் மியூசிக் சர்க்கிளைச் சேர்ந்த இந்தியக் கலைஞர்கள், அவர்கள் பெயர் அன்றைய உறையில் வரவில்லை. ராக் பாட்டு கேட்டுப் பழகின காது கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம்) மாறுவதற்காகக் காத்திருக்கும். இங்கே மாறவே மாறாது, தம்புரா ஒரே சுருதியில் நிற்கும், அதனால் அவர்களுக்கு இது நகராத பாட்டு. நமக்கு அந்தச் சிக்கல் இல்லை. ராகத்தின் அடிப்படை ஹிந்துஸ்தானியில் கமாஜ் தாட், நம் ஹரிகாம்போதியின் ஸ்வரங்கள், ஆகவே முதல் வரியிலேயே காது உட்கார்ந்துவிடும்.

தாளத்தைக் கையில் போட்டுக்கொண்டே கேளுங்கள். பாடும் பகுதியில் தபலா பதினாறு அட்சரத்தில் போகும். நடுவில் பாட்டு நின்று வாத்தியங்கள் மட்டும் பேசும் இடத்தில் பத்துக்கு மாறும், இரண்டு மூன்று இரண்டு மூன்று என்று. கர்நாடக சங்கீதம் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் கண்ட சாபு போடச் சொல்லுங்கள், இரண்டு ஆவர்த்தனத்தில் பொருந்திவிடும். அந்த இடத்தில் வில்லால் வாசிக்கும் தில்ரூபா ஒரு வரி சொல்ல சிதார் பதில் சொல்கிறது, பிறகு லண்டன் வயலின்களும் செல்லோக்களும் அதே கமகத்தோடு வழுக்கிக்கொண்டு நுழைகின்றன. எழுதிய ஸ்வரத்தை நேராக வாசித்துப் பழகியவர்களை அப்படி வழுக்கி வாசிக்க வைக்க ஜார்ஜ் மார்ட்டின் பாடுபட்டிருக்கிறார். ஆல்பத்திலேயே துணிச்சலான ஒரு நிமிடம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன், கடைசிப் பாட்டுக்கும் முன்னால். ராகத்தை ஹாரிசன் முழுதாக விரிக்கவில்லை என்பது உண்மை, பாடகராகவும் அவருக்கு எல்லைகள் உண்டு. ஆனால் சிதாரை அலங்காரத்துக்கு வைத்துக்கொண்ட அந்தக் காலத்துப் பாட்டுகளோடு இதை ஒன்றாகச் சேர்ப்பது அநியாயம்.

இதற்கு அடுத்ததாக வருவது ‘வென் ஐம் சிக்ஸ்டி ஃபோர்’. கிளாரினெட்டோடு வரும் அந்தக் கால ஆங்கில மேடைப் பாட்டு மாதிரி. நம்மில் பலருக்கு ஒட்டாத இடம் இதுதான், ஏனென்றால் அந்த மேடை நம் நினைவில் இல்லை. பழைய நாடகக் கொட்டகை மெட்டை ஒரு படத்தில் வேண்டுமென்றே கொண்டுவந்தால் நம் பாட்டிக்கு எப்படி இருக்குமோ, ஆங்கிலேயர்களுக்கு இது அப்படி. ஒட்டாவிட்டால் பரவாயில்லை, கடந்து போங்கள்.

‘எ டே இன் தி லைஃப்’ வரும்போது மட்டும் ஒலியைக் கொஞ்சம் கூட்டுங்கள். லெனனின் பாட்டுக்கு நடுவில் மெக்கார்ட்னியின் வேறொரு துண்டு ஒட்டியிருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் 24 பார் (தாளச் சுற்று) வெறுமையாக இருந்தது. அதை நிரப்ப 40 பேர் கொண்ட ஆர்கெஸ்ட்ராவை 1967 பிப்ரவரி 10 அன்று கூட்டி, உங்கள் வாத்தியத்தின் அடி ஸ்வரத்தில் தொடங்கி உச்சிக்கு அவரவர் வேகத்தில் ஏறுங்கள் என்றார்கள். கடைசியில் பல பியானோக்களில் ஒரே நேரத்தில் அடித்த அந்த ஒரு கார்ட் நாற்பது விநாடிக்கு மேல் தேய்கிறது. ஒலி குறையக் குறையப் பதிவின் அளவை ஏற்றிக்கொண்டே போனதால் அறையின் சத்தமே உள்ளே வந்துவிட்டது. மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேட்டால்தான் அது தெரியும். கோல்ட்ஸ்டீன்கூட இந்தப் பாட்டை மட்டும் புகழ்ந்தார்.

கேட்டு முடித்தபின் நண்பரோடு பேசும்போது, பிடித்ததா என்று கேட்காதீர்கள், எந்தப் பாட்டில் கவனம் போய்விட்டது என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு ஆமாம் இல்லை என்று சொல்லிவிட்டு முடித்துவிடுவார்கள். இரண்டாவதற்கு ஒரு பாட்டின் பெயரைச் சொல்லியாக வேண்டும், அதைத் திரும்பப் போட்டுப் பார்க்கலாம். ‘லவ்லி ரீட்டா’ என்றோ ‘குட் மார்னிங் குட் மார்னிங்’ என்றோ வந்தால் நானும் ஒத்துக்கொள்வேன். ‘ஷீஸ் லீவிங் ஹோம்’ என்று வந்தால் விடமாட்டேன், வீட்டைவிட்டுப் போகும் மகளையும் புலம்பும் பெற்றோரையும் ஒரே பாட்டில் இரண்டு குரலாக வைத்திருக்கிறார்கள், மறுபடி போடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒட்டவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம், 1966இல் வந்த ‘ரிவால்வர்’ஐக் கொடுங்கள். சத்த வித்தை அதிலும் உண்டு, ஆனால் பாட்டுகள் இறுக்கமானவை, ஹாரிசனுக்கு மூன்று பாட்டு. அதன் கடைசிப் பாட்டு ‘டுமாரோ நெவர் நோஸ்’ பிடித்துப்போனவர்கள் பலர் சில வாரம் கழித்துத் தாங்களாகவே பெப்பரைக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். அப்போது மோனோவைக் கொடுங்கள்.