ஒல்லியான உடம்புக்கும் கர்ப்பத்தில் சுகர் வரும்: வந்தால் என்ன செய்வது

குளுக்கோஸ் தண்ணீர் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த ரத்தத்தில் 140 அல்லது அதற்கு மேல் வந்திருக்கிறது. வீட்டில் யாருக்கும் சீனி வியாதி கிடையாது, உங்களுக்கு எடையும் கிடையாது. அப்படிப்பட்ட பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு வந்தபோது வயது 24, எடை 46 கிலோ. சேரன்மகாதேவி பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் நாள் முழுக்க நின்று பாடம் நடத்துகிற வேலை. மூன்றாம் மாதம் பார்த்தபோது நார்மல். ஆறாம் மாதம் 158.

முதலில், அந்த எண்ணை நம்புங்கள். 'இவ்வளவு ஒல்லியா இருக்கிற பிள்ளைக்கு எப்படி? லேப்ல மாத்தி எழுதியிருப்பாங்க' என்று யாராவது சொல்வார்கள். அதைக் கேட்டு மாதாந்திரச் செக்கப் வரை காத்திருக்க வேண்டாம், அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். எந்த முறையில் பரிசோதித்தார்கள் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் சாப்பிட்டிருந்தாலும் வெறும் வயிறானாலும் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு தடவை பார்ப்பார்கள். 140 தான் எல்லை. சில தனியார் ஆஸ்பத்திரிகளில் வெறும் வயிற்றில் ஒன்று, பிறகு இரண்டு என்று மூன்று தடவை ரத்தம் எடுப்பார்கள். அதற்கு எல்லை வெறும் வயிற்றில் 92, குடித்து ஒரு மணி நேரத்தில் 180, இரண்டு மணி நேரத்தில் 153. இதில் ஏதாவது ஒன்றைத் தொட்டாலே கர்ப்பகாலச் சுகர்தான். குடித்த அரை மணி நேரத்துக்குள் வாந்தி வந்துவிட்டால் சொல்லிவிடுங்கள், இன்னொரு நாள் திரும்பச் செய்ய வேண்டும்.

இது ஏன் வருகிறது என்பதை வீட்டில் எல்லோருக்கும் நீங்களே விளக்கிச் சொல்லுங்கள். நஞ்சுக்கொடி சுரக்கிற ஹார்மோன்கள் இன்சுலினை வேலை செய்ய விடாமல் தடுக்கும். மாதம் ஏற ஏற அந்தத் தடையும் கூடும். அதைத் தாண்ட, கணையம் வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு இன்சுலின் சுரக்க வேண்டும். சிலருடைய கணையத்தால் அது முடிவதில்லை, ஒல்லியாக இருப்பவர்களுக்கும்தான். நம் ஊர்க்காரர்களின் உடல்வாகு வெளியே மெலிவாகத் தெரிந்தாலும் சுகருக்கு எளிதில் இடம் கொடுக்கும். எடை, வயது, குடும்பம் என்று பார்த்து ஆள் பொறுக்கினால் பலர் விட்டுப்போவார்கள். அதனால்தான் கர்ப்பிணிகள் எல்லோருக்கும் இந்தப் பரிசோதனை வேண்டும் என்று சென்னை டாக்டர் வி. சேஷையா வலியுறுத்தினார், தமிழ்நாட்டில் 2007-லேயே அதைக் கொண்டுவந்தார்கள். அந்த ஏற்பாடு இல்லையென்றால் என் சுகர் யார் கண்ணுக்கும் தெரிந்திருக்காது. முதல் தடவை நார்மல் வந்தவர்களும் 24 முதல் 28 வாரத்துக்குள் கட்டாயம் மறுபடி பாருங்கள்.

எங்கள் ஆச்சி, "நம்ம வம்சத்துலயே இது கிடையாதேட்டி, என்னத்தத் தின்ன?" என்று கேட்டாள். அல்வா தின்றதால் வந்ததில்லை ஆச்சி, நஞ்சுக்கொடியால் வந்தது என்று பொறுமையாகச் சொன்னேன். நீங்களும் சொல்லுங்கள். குற்றம் கண்டுபிடிக்கிற வீட்டில் பிள்ளைகள் உண்மையான எண்ணை மறைத்துவிடும். அது தாய்க்கும் ஆபத்து, வயிற்றில் இருக்கிறதுக்கும் ஆபத்து. தாயின் சர்க்கரை குழந்தைக்குப் போகும், தாயின் இன்சுலின் போகாது. குழந்தை தானே கூடுதல் இன்சுலின் சுரந்து கொழுத்துவிடும். அப்புறம் பிரசவம் சிக்கலாகும், பிறந்ததும் அதற்குச் சுகர் சட்டென்று இறங்கும்.

இனி அடுப்படி. நம் ஊர்ச் சாப்பாட்டில் விட வேண்டியது கொஞ்சம்தான், அளக்க வேண்டியதுதான் அதிகம். முதலில் கருப்பட்டி. "சீனிதான ஆகாது, கருப்பட்டி நல்லதுதான" என்று அத்தை காபியைக் கொண்டுவந்து வைப்பார்கள். கருப்பட்டியும் சர்க்கரைதான், அதே மாதிரி ஏற்றும். பதநீரும் அப்படியே. கர்ப்பிணிக்கு இடுப்புக்கு வலு என்று கொடுக்கிற உளுந்தங்களியில் உளுந்தும் நல்லெண்ணெயும் இருக்கட்டும், கருப்பட்டிப் பாகு வேண்டாம். எனக்கு அத்தை உளுந்தை வடையாகவும் துவையலாகவும் மாற்றித் தந்தார்கள். உளுந்தம்பருப்புச் சோறு என்றால் அரிசியைக் குறைத்து, தொலியுளுந்தைக் கூட்டிப் பொங்கச் சொல்லுங்கள். சொதி சாப்பிடலாம். உருளைக்கிழங்கை ஒதுக்கிவிட்டு முருங்கைக்காயும் பீன்ஸும் போட்டுக்கொண்டு, சோறு ஒரு கப்புக்குள் நிற்க வேண்டும். தட்டில் பாதி காய் இருக்கட்டும்: சீனியவரை, புடலை, தடியங்காய் (வெண்பூசணி), முருங்கைக்கீரை. சாளை, நெத்திலி, முட்டை, சிறுபயறு இவற்றில் ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையும் வேண்டும். கேப்பைக் கஞ்சி சுகருக்கு நல்லது என்று டம்ளர் டம்ளராகக் குடிக்காதீர்கள். நீர்க்கக் காய்ச்சிய கஞ்சி சீக்கிரம் ஏற்றும்.

காலையில் ஹார்மோன்களின் பிடி அதிகம், அதனால் காலைச் சாப்பாடுதான் பெரும்பாலும் மல்லுக்கட்டும். எனக்கு நாலு இட்லி சாப்பிட்டால் எண் ஏறியது. இரண்டு இட்லி, நிறையச் சாம்பார், ஒரு முட்டை என்று வைத்ததும் அடங்கியது. பயந்துபோய்ப் பட்டினி கிடக்காதீர்கள். அது இதைவிடக் கெடுதல். மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் சுண்டல், மோர், நிலக்கடலை என்று பிரித்துச் சாப்பிடுங்கள். டாக்டர் சரி என்றால் சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் நடங்கள். வெயிலில் வேண்டாம், வீட்டு முற்றமே போதும்.

வளைகாப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். புளியோதரை, தேங்காய்ச் சோறு, சர்க்கரைப் பொங்கல் என்று கலவைச் சோறு கட்டி வருகிற அன்பை மறுக்க முடியாது. நான் மயினியை முன்னாலேயே பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன். ஒவ்வொன்றிலும் வாயில் வைக்கிற அளவு மட்டும் கொடுத்துவிட்டு, மீதியை வந்தவர்களுக்கே பந்தி வைத்தார்கள். எனக்குச் சுண்டலும் அவியலும் தனியாக இருந்தது. ஒருத்தர் மனமும் நோகவில்லை.

வீட்டில் மெஷின் வைத்துப் பார்ப்பவர்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் துடைத்துவிட்டு, விரலின் பக்கவாட்டில் குத்துங்கள். பழம் உரித்த கையோடு பார்த்தால் எண் பொய் சொல்லும். இரண்டு மணி நேரத்தை முதல் வாய் வைத்ததிலிருந்து எண்ணுங்கள். பொதுவாக வெறும் வயிற்றில் 95-க்குக் கீழ், சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120-க்குக் கீழ் இருக்க வேண்டும். எண்ணோடு என்ன சாப்பிட்டீர்கள் என்பதையும் நோட்டில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். அந்த நோட்டுதான் மருந்தை முடிவு செய்யும்.

இரண்டு வாரம் சாப்பாட்டை ஒழுங்குபடுத்தியும் இறங்கவில்லை என்றால் மாத்திரையோ இன்சுலினோ தருவார்கள். எனக்கு இன்சுலின். ஒரு தடவை போட்டால் ஆயுசுக்கும் போட வேண்டும் என்பது இதற்குப் பொருந்தாது. பிரிக்காத மருந்து ஃப்ரிட்ஜில் இருக்கட்டும், ஃப்ரீசரில் கூடாது. வியர்த்து, கை நடுங்கி, கண் இருட்டினால் சுகர் இறங்குகிறது என்று அர்த்தம். உடனே மூன்று டீஸ்பூன் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, கால் மணி நேரத்தில் மறுபடி பாருங்கள். அந்தப் பாக்கெட்டை நான் பள்ளிக்கூடப் பையிலேயே வைத்திருந்தேன்.

குழந்தை பிறந்ததும் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுங்கள். குதிகாலில் குத்தி அதற்குச் சுகர் பார்ப்பார்கள், பயப்பட வேண்டாம். நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் பெரும்பாலோருக்கு எண் தானே இறங்கிவிடும். ஆனால் அதோடு விட்டுவிடக் கூடாது. ஆறு வாரம் கழித்து மறுபடி குளுக்கோஸ் குடித்துப் பார்க்க வேண்டும். அந்த நேரம் தாய்வீட்டில் இருப்போம், பிள்ளை அழும், தூக்கம் இருக்காது, மறந்தே போகும். தேதியை அம்மாவிடம் சொல்லி வையுங்கள். பிரசவ லேகியத்திலும் கருப்பட்டி உண்டு, அதையும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நார்மல் என்று வந்தாலும் பின்னாளில் சுகர் வர வாய்ப்பு கூடுதல் என்பதால் வருஷத்துக்கு ஒருமுறை பாருங்கள். அடுத்த பிள்ளைக்கு நாள் தள்ளிப்போனதும், கிராம சுகாதார செவிலியரிடம் பதியும்போதே 'போன தடவை எனக்குச் சுகர் இருந்தது' என்று சொல்லி, அன்றைக்கே பரிசோதிக்கக் கேளுங்கள்.